ஆறு முழச் சீலை

பெரிய வெள்ளியன்று எங்கள் ஊர்ப் பாஸை உங்களில் பாதிப் பேர் கைப்பேசியில் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. சீலை இவ்வளவு நீளமாக நிலத்தில் இழுபடுகிறதே, அளவெடுக்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் ஊரில் இல்லையா என்று ரொறன்ரோக்காரி குழுவில் எழுதினாள். வெட்டியவளைக் கண்ணாடி மாற்றச் சொல்லுங்கள் என்று லண்டன்காரி எழுதினாள். மற்றவர்கள் சிரிக்கிற முகங்களாகப் போட்டுத் தள்ளினீர்கள். வெட்டியது நான்தான். என் கண்ணாடிக்கு ஒரு குறையும் இல்லை.

குரலில் பதிந்து அனுப்பலாம் என்று மூன்று தரம் முயன்றேன். பாதியில் நின்றுபோகிறது. ஆகவே எழுதுகிறேன். நாம் எல்லோரும் பத்து வயதில் ஒரே வாங்கில் ஏறி நின்று பாடியவர்கள், உங்களுக்குப் பாதிக் கதை தெரியும். மற்றப் பாதியை ஐம்பது வருசத்துக்கு மேலாக நான் ஒருத்தியே வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுவீர்கள் என்பதால் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ் என்றால் கர்த்தரின் பாடுகளைக் காட்டும் நாடகம். எங்கள் ஊரில் அதை மனிதர்கள் நடிப்பதில்லை. உடக்கு என்று நாங்கள் சொல்லும் மர உருவங்கள்தான் நடிக்கும். கழுத்து, தோள், முழங்கை எல்லாம் தனித்தனியாக அசையும். திரைக்குப் பின்னால் நிற்பவர்கள் கயிறு இழுப்பார்கள். முன்னால் ஆர்மோனியமும் மத்தளமும் நம்முடைய பாட்டும். கர்த்தர் உடக்கு பத்து வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருக்கும். பெரிய வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு அதன் தலை சாயும். பிறகு சிலுவையிலிருந்து இறக்கி, ஒரு புது வெள்ளைச் சீலையால் போர்த்திக் கொண்டுபோவார்கள்.

அந்த அடக்கச் சீலையைக் கொடுப்பதற்கு வருசத்துக்கு ஒரு வீட்டு முறை. துணி எடுத்து, வெட்டி, கரை மடித்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் சீலை அந்த வீட்டுக்கே திரும்பி வரும். அந்த வீட்டில் அடுத்ததாகச் சாகிறவருக்கு அதைத்தான் போர்த்தி அடக்கம் செய்வார்கள். ஊரில் நாற்பது வீடுகள் வரை. ஒரு வீட்டுக்கு ஆயுளில் ஒரு தரம் முறை வந்தால் பெரிது.

நான் சொல்லும் வருசம் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. பள்ளிமுனையிலிருந்து கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து அம்மா அதற்குக் காத்திருந்தார். துணியெல்லாம் சங்கக்கடையில் கூப்பனுக்குக் கிடைத்த காலம். அம்மா தனக்கு ஒன்றும் எடுக்காமல் வெள்ளைப் பொப்ளின் எடுத்து, வேப்பிலை போட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார்.

பாட்டுப் பழக்கம் நடந்த மண்டபம் உங்களுக்கு நினைவிருக்கும். வௌவால் எச்சம் நாறும். பெட்டியிலிருந்து உடக்குகளை எடுத்து மூட்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவார்கள், அந்த எண்ணெய் பழசாகி இன்னொரு நாற்றம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை பேசாது. அந்தச் சுரம் வரும் இடத்தில் ஆர்மோனியக்காரர் தன் வாயால் இழுப்பார், நாம் சிரிப்போம், பாட்டுச் சொல்லித்தருகிற அண்ணாவியார் பிரம்பால் வாங்கில் தட்டுவார். பெரிய வெள்ளிக்கு முந்திய தவசு காலம், சிரிக்கக் கூடாதாம். ரொறன்ரோக்காரி மாங்காய்த் துண்டைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டே மாதாவின் புலம்பல் முழுவதும் பாடி முடிப்பாள். இப்போது பேரப்பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

என் அண்ணன் பிடித்தது கர்த்தர் உடக்கின் தலைக்கயிறு. அவருக்குப் பதினெட்டு வயது. ஊரில் எல்லோரையும்விட உயரம், எங்கள் வீட்டு வாசலில் குனிந்துதான் வருவார். அந்த உயரத்துக்காகத்தான் பதினைந்து வயதிலேயே அவரைத் திரைக்குப் பின்னால் விட்டார்கள். கயிற்றை ஒரேயடியாக விட்டால் மரத்தலை டக்கென்று விழும். அண்ணன் விரல் விரலாக விடுவார். தலை வலப்பக்கம் மெல்லச் சாய்ந்து, ஒரு கணம் நின்று, பிறகு நெஞ்சில் படியும். சனம் அழத் தொடங்குவது அந்த நின்ற கணத்தில்தான். அம்மா அழமாட்டார். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. பெருமைப்பட எங்களிடம் அண்ணன்தான் இருந்தார்.

தை மாதம் அண்ணனும் இன்னும் இருவரும் மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பவில்லை. பதினொரு நாளுக்குப் பிறகு ஒரு காலையில் மற்ற இருவரும் வந்தார்கள். இந்தியக் கரையிலிருந்து வந்த படகு ஒன்று அவர்களை எடுத்திருக்கிறது. எங்கள் முற்றத்தில் நின்று சொன்னார்கள். வள்ளம் கவிழ்ந்ததாம், மூவரும் ஒரு பலகையைப் பிடித்திருந்தார்களாம், விடிந்து பார்த்தால் இருவர்தானாம்.

அம்மா ஒரு கேள்விதான் கேட்டார்.

"சேட் போட்டிருந்தவனோ?"

"ஓம் மாமி. நீலச் சேட்."

"குளிருக்கு நல்லது," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்களில் ஒருவரின் உதடு உப்பில் வெடித்து, தேத்தண்ணி பட்டு எரிந்திருக்க வேண்டும், ஊதி ஊதிக் குடித்தார். அதைத்தான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கும் அந்தக் காலையை நினைத்தால் முதலில் வருவது அந்த உதடுதான்.

உடல் கிடைக்காத சாவுக்கு எங்கள் ஊரில் மணி அடிப்பதில்லை. பெட்டி இல்லை, குழி இல்லை. ஒரு வருசம் பார்த்துவிட்டுத்தான் பூசை. அதுவரை அந்த ஆளைப் பற்றி இருக்கிறார் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. பெண்கள் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவை அழவைத்துவிட வேண்டும் என்று ஒருவர் மாறி ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். அம்மா அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு இருந்தார். அழாததைப் பார்த்து ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. மகன் வருவான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம், புத்தி ஏற்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அம்மா நம்பினால் நானும் நம்பலாம்.

தவசு தொடங்கி மூன்றாம் கிழமை, ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா பாயை விரித்து அதன் மேல் வெள்ளைத் துணியை விரித்திருந்தார். துணியின் மேல் அண்ணனின் மற்றச் சேட், அதன் கீழே அவருடைய சாரம். ஆள் படுத்திருக்கிற கிடையில் இரண்டையும் நீட்டி, கைகளை ஒழுங்காக வைத்திருந்தார். தலைக்கு ஒரு சாண், காலுக்கு ஒரு சாண் விட்டு, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்து வைத்து அளந்தார். எண்ணுவது கேட்டது. நாலு. அஞ்சு. ஆறு.

"உடக்குக்கு நாலு முழம் காணுமெல்லோ அம்மா?"

"ஆறு வேணும்," என்றார்.

கத்தரிக்கோல் துணிக்குள் போகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாள் மத்தியானங்களில் கரை தைத்து முடித்தார். சின்னத் தையல், இவ்வளவு நெருக்கமாக அவர் தைத்து நான் பார்த்ததில்லை. மடித்துக் கீழ்த்தட்டில் வைத்தார். மேலே அந்தச் சேட்டை வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

பத்து வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அம்மா காத்திருக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும். ஊரில் மணி அடிக்காத சாவுக்கு, பெரிய வெள்ளி பின்னேரம் ஊரே அழுகிற நேரத்தில், தன் பிள்ளையின் அளவுச் சீலையை உடக்கின் மேல் போர்த்தி அனுப்பப் போகிறார். நான் அண்ணன் சாவதை விரும்பவில்லை. அந்தச் சீலை வீட்டை விட்டு வெளியே போகாவிட்டால் அவர் சாகமாட்டார் என்று எனக்குப் பட்டது. இப்படித்தான் யோசித்தேன், வெட்கப்பட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தக் கிழமை பழக்கம் முடிந்து நீங்கள் எல்லோரும் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றீர்கள். கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்ன கேட்டார் என்று நீங்கள் வழி நெடுகக் கேட்டு என்னை அரித்தீர்கள். கச்சான் கடலை தந்தார் என்று சொன்னேன். அவர் கேட்டது இது.

"பிள்ளை, அம்மா சீலை தைக்கத் தொடங்கிட்டாவோ?"

"இல்லை."

"துணியையாவது வெளியில எடுத்தவவோ?"

"தொடவே இல்லை. அண்ணன் வருவாரெண்டுதான் அம்மா சொல்லுறவ. அவர் வந்து கயிறு பிடிப்பாராம்."

கடைசி வசனம் கேட்காமலே சொன்னது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, பிசகில்லாமல் வந்தது. மூப்பரின் கண் கலங்கிவிட்டது. என் தலையில் கை வைத்து, "போங்கோ பிள்ளை," என்றார். நல்ல மனிதர். அவர் நல்லவராக இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் காலை மூப்பரும் அவர் மனைவியும் அண்ணாவியாரும் வந்தார்கள். அம்மா கதிரைகளைத் துடைத்துப் போட்டார். மூப்பர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டுத் தொடங்கினார்.

"தங்கச்சி, நாங்கள் எல்லாரும் யோசிச்சுப் பாத்தம். உங்கட வீட்டு முறையை இந்த வருசம் விடுவம். அடுத்த சுற்றில தாறம். பிள்ளை வருவானெண்டு இருக்கிற தாயின்ர கையில அடக்கச் சீலை கேக்க எங்களுக்கு மனம் வரேல்லை."

அம்மா கதிரை துடைத்த துணியை மடித்துக் கீழே வைத்தார்.

"நான் அப்பிடி இருக்கிறனெண்டு ஆர் சொன்னது?"

"பிள்ளைதான் சொன்னது. நீங்கள் துணியைத் தொடவே இல்லையாம். அதுவும் சரிதானே. ஆர்தான் தொடுவினம்?" என்றார் மூப்பரின் மனைவி. அவர் குரல் உடைந்திருந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். நான் அலுமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். என் காலுக்குப் பின்னால், கீழ்த்தட்டில், மடித்த சீலை இருந்தது. அம்மா கதவைத் திறந்து அதை எடுத்து நீட்டினால் போதும். மூன்று பேருக்கு முன்னால் நான் பொய் சொன்னவள் ஆகியிருப்பேன், அவ்வளவுதான்.

"ஓம்," என்றார் அம்மா. "தொடேல்லை."

பிறகு, "உங்கட விருப்பம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றார்.

அவர்கள் போனதும் அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. சீப்பை எடுத்து வந்து எனக்குத் தலை இழுத்து, பின்னிவிட்டு, பழக்கத்துக்கு நேரமாச்சு என்று அனுப்பினார். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அம்மா அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு நல்லது. அடிக்கிறவர்களிடம் எதையாவது சொல்லிவிடலாம்.

அந்த வருசப் பாஸ் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான்தான் புலம்பலில் மற்றவர்களைவிடச் சத்தமாகப் பாடினேன் என்று இப்போதும் சொல்வீர்கள். பாடினேன். வாய் பாடியது. வெயிலில் பந்தல் கிடுகு காய்ந்து மணந்தது, மத்தளக்காரரின் கழுத்து வேர்வை சேட்டில் பரவியது, அதையெல்லாம் பார்த்துக்கொண்டே பாடினேன். மூன்று மணிக்குப் புது ஆள் கயிற்றை விட்டார். தலை தேங்காய் விழுந்த மாதிரி நெஞ்சில் விழுந்தது. சனம் ஒரு கணம் திகைத்துவிட்டுத்தான் அழுதது. வேறொரு வீட்டு நாலு முழச் சீலையில் உடக்கைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். அம்மா மணிக்கூட்டுத் தூணுக்குப் பக்கத்தில் கடைசியாக நின்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஒரு வசனம் சொன்னார்.

"கயிறைக் கெதியா விட்டிட்டாங்கள்."

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த கிழமை அம்மா அந்த ஆறு முழச் சீலையை எடுத்து முற்றத்தில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, ஒடியலுக்குப் பனங்கிழங்கு காயப்போட்டார். உங்களில் ஒருத்தியின் தாய் வேலிக்கு மேலால் பார்த்து, "புதுச் சீலையெல்லோ, ஏன் பழுதாக்கிறியள்?" என்று கேட்டார். "சும்மா கிடந்தது," என்றார் அம்மா. பிறகு மாரி காலத்தில் அதை எனக்குப் போர்த்தினார். கலியாணம் வரை நான் அதற்குள்தான் படுத்தேன். காலைக் குறுக்காமல் நீட்டிப் படுத்தாலும் மிச்சம் இருக்கும்.

ஒரு வருசத்தில் பங்குச் சுவாமி பூசை வைத்தார். அண்ணனின் படத்தைக் கதிரையில் வைத்திருந்தோம். நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். மண் போட ஒன்றும் இல்லாததால் பூசை முடிந்ததும் எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றீர்கள். அப்படி நிற்க வைத்தது நான்தான்.

பிறகு சண்டை வந்து ஊரை விட்டு ஓடினோம். அலுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, சீலையும் அதற்குள் கிடந்தது. அம்மா மடு மாதா கோயிலடியில் தறப்பாள் கொட்டிலில் செத்தார். யாரோ தந்த பூப்போட்ட படுக்கை விரிப்பால் போர்த்தினோம், கால் தெரிந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, அது நின்ற சுவரும் இல்லை. உடக்குகளை யாரோ எங்கோ வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். கர்த்தரின் ஒரு கை மட்டும் புதிது, நிறம் கொஞ்சம் வெளிறல். விட்டுப்போன வருசங்களை விட்டுவிட்டு முறையை நின்ற வீட்டிலிருந்து தொடர்ந்தார்கள்.

இந்த வருசம் மாசியில் கோயில் சபைத் தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் மூப்பர் வீட்டு முறைகளை எழுதி வைத்த பழைய கொப்பி.

"அன்ரி, சுற்று முடிஞ்சு திரும்ப உங்கட வீட்டில வந்து நிக்குது. உங்களுக்கு முழங்கால் நோ எண்டு கேள்விப்பட்டன். கரைச்சலெண்டால் சொல்லுங்கோ, வேற வீட்டில குடுப்பம்."

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு நேரே மூப்பரின் சரிந்த எழுத்து. தாய் இன்னும் ஏற்கவில்லை, அடுத்த சுற்று. நான் கிணற்றடியில் சொன்ன பொய் மையில் இருந்தது. சண்டை, ஓட்டம், மழை எல்லாவற்றுக்கும் தப்பி இருந்தது.

"வேற ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம் தம்பி," என்றேன். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

மன்னார் பஸாரில் நான் வழமையாகப் போகும் துணிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எத்தனை மீற்றர் என்றார். கையை வைத்து அளந்து காட்டினேன். என் முழமும் அம்மாவின் முழமும் ஒன்று, சின்ன வயதில் கையோடு கை வைத்துப் பார்த்ததில்லை, இப்போது என் கையைப் பார்த்தால் அவருடையதுதான். வெள்ளைத் துணி, ஆளளவு. அவருக்கு விளங்கிவிட்டது.

"ஆருக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"அண்ணனுக்கு."

ஐம்பது வருசத்தில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். அவர் சாவுச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் சொல்லும் இன்னாலில்லாஹியை வாய்க்குள் சொல்லி, துணியைத் தாளில் சுற்றி, இரண்டு கையாலும் தந்தார்.

மத்தியானங்களில் தைத்தேன். பெரிய வெள்ளியன்று பெடியன்கள் சீலையை விரித்துப் பார்த்துவிட்டு, "அன்ரி, கூடிப்போச்சு, மடிச்சுக் குத்தட்டோ?" என்றார்கள். வேண்டாம் என்றேன். ஆகவே இரண்டு பேர் தொங்கலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்படியும் இழுபட்டது, நீங்கள் பார்த்தீர்கள். நான் அழவில்லை. அழுகை என்னிடம் எங்கேயோ நின்றுபோய்விட்டது, அதைத் தேடவும் இல்லை. ஆனால் சனம் அந்தச் சீலைக்குப் பின்னால் நடந்தது. அது போதும்.

இப்போது தெரியும் உங்களுக்கு. அம்மா ஏற்றுக்கொண்டிருந்தார். ஏற்காதவள் நான். கொப்பியில் இருப்பது பொய். பழித்தால் என்னைப் பழியுங்கள்.

ஞாயிறு கழிந்து சீலை வீட்டுக்கு வந்துவிட்டது. தோய்த்து, வேப்பிலை போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் அடுத்த ஆள் நான்தான். எனக்கு நாலு முழம் போதும். மிச்சத்தை வெட்ட வேண்டாம், மடித்துக் குத்தவும் வேண்டாம், பெட்டிக்குள் எனக்குப் பக்கத்தில் நீட்டிவிடு என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டாள். அந்த இரண்டு முழம் உன் மாமாவுடையது என்றேன்.